ஃபார்முக்கு ஆள் எடுத்து தர்ற ஏஜென்ட் சர்வீஸ்: ஆறு பேருக்கு காசு கட்டுனேன், நாலு பேர் வந்தாங்க

போன மாசம் ஈப்போவுல ஒரு கல்யாண வீட்டுல நம்ம தம்பி ஒருத்தன் புடிச்சிக்கிட்டான், "அண்ணே நீங்க பங்ளா (பங்களாதேஷ்) ஆளுங்கள எந்த ஏஜென்ட் மூலமா எடுத்தீங்க, நம்பர் குடுங்க"ன்னு. நம்பர் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கத பேச வேண்டியதா போச்சு, அவன் பாவம் சோறு ஆறிப்போயி சாப்பிட்டான். அதே கதையத்தான் இங்க எழுதுறேன். ஏஜென்ட் பேரு போட மாட்டேன், இன்னும் எனக்கு அந்தாளு கிட்ட கணக்கு பாக்கி இருக்கு.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். மலேசியாவுல கேமரன் மலை, கம்போங் ராஜா பக்கம், மூணு ஏக்கருக்கு கொஞ்சம் கம்மி. பாதி தக்காளி பிளாஸ்டிக் கூரைக்கு கீழ, மீதி கோஸ், நடுவுல வெங்காயத்தாள். பெரிய தவுக்கே (முதலாளி) எல்லாம் இல்ல, சாயங்காலம் லோரி வரும்போது நானே கூட நின்னு கூடை தூக்குற ஆளு. ஆறு பேர் இருந்தா ஃபார்ம் ஓடும், நாலு பேர் இருந்தா நொண்டும், ரெண்டு பேர்னா தக்காளி செடியிலயே பழுத்து கீழ விழும். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு எம்சிஓ (ஊரடங்கு) போட்ட வாரம் மார்க்கெட் அடச்சி இந்த மலையில டன் கணக்குல காய்கறிய கொட்டுனாங்களே, அதுல என் கோஸும் இருந்துச்சு, ஆனா அது வாங்க ஆள் இல்லாம கொட்டுனது. அதுக்கு அடுத்த ரெண்டு வருஷம் அறுக்க ஆள் இல்லாம விட்டது, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல், விலை இருந்துச்சு, லோரி இருந்துச்சு, கை இல்ல.

உள்ளூர் ஆளுங்கள ஏன் வைக்கலன்னு கேக்காதீங்க. வச்சி பாத்துட்டேன். தாப்பாவுலேர்ந்து ரெண்டு பசங்க வந்தானுங்க, நல்ல பசங்கதான், மூணாவது நாள் மழை, நாலாவது நாள் மோட்டார் சத்தமே கேக்கல. குத்தம் சொல்ல முடியல, என் சொந்த மகனே சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட்ல வேல பாக்குறான், அவனுக்கும் அங்க ஒரு முதலாளி லெவி (வெளிநாட்டு ஆள் வச்சா அரசாங்கத்துக்கு கட்டுற வரி) கட்டுறான். அப்பன் இங்க ஃபாரினர தேடுறான், மகன் அங்க ஃபாரினர். என்னத்த சொல்ல.

சரி ரிவ்யூவுக்கு வரேன். 2023 ஜனவரியில அரசாங்கம் ஒரு தளர்வு குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, தோட்டம், விவசாயம், கட்டுமானம் மாதிரி அஞ்சு துறைக்கு, முன் நிபந்தனை எல்லாம் தள்ளி வச்சிட்டு மூணு நாள்ல கோட்டா (எத்தன வெளிநாட்டு ஆள் எடுக்கலாம்ங்கிற அனுமதி) அப்ரூவல்னு. அப்பத்தான் இந்த ஏஜென்ட் வந்தாரு. நம்ம தமிழ் ஆளுதான், நல்லா பேசுவாரு, வெள்ள சட்டை, கையில ரெண்டு போனு. "அண்ணே இப்ப விட்டா கதவு அடச்சிருவாங்கண்ணே"ன்னாரு. அத மட்டும் கரெக்டா சொன்னாரு, மார்ச் 18ஆம் தேதி கோட்டாவ நிறுத்திட்டாங்க, இன்னைக்கி வரைக்கும் நம்மள மாதிரி சின்ன ஆளுக்கு பழைய மாதிரி சுலபமா கிடைக்கல. பிப்ரவரியில எனக்கு ஆறு பேருக்கு கோட்டா வாங்கி குடுத்தாரு. ஃபாரம் எல்லாம் அவரே ரொப்புனாரு, நிலத்து பேப்பர், டிஓஎல் (தற்காலிக நில அனுமதி) லைசன்ஸ் காப்பி, இன்னும் என்னென்னவோ. நானா ஆன்லைன்ல உக்காந்திருந்தா பாஸ்வேர்டு தாண்டியிருக்க மாட்டேன். இந்த பகுதிக்கு தாராளமா 5க்கு 5 குடுக்கலாம், மனசார சொல்றேன்.

அவரோட சார்ஜ் தலைக்கு 3,800 வெள்ளி (ரிங்கிட்). அதுக்குள்ள அவர் சர்வீஸ், ஃப்ளைட் டிக்கெட், காலிங் விசா (வேலைக்கு நாட்டுக்குள்ள வர்ற விசா) வேலை எல்லாம் அடக்கம்னாரு. லெவி தனி, விவசாயத்துக்கு வருஷத்துக்கு தலைக்கு 640 வெள்ளி (ஃபேக்டரிக்கும் கட்டுமானத்துக்கும் 1,850, அந்த வகையில நம்ம பொழச்சோம்). இன்சூரன்ஸ் தனி, மெடிக்கல் தனி. லெவிய ஆளோட சம்பளத்துல புடிக்கக்கூடாது, 2018லேர்ந்து முதலாளி தலையிலதான், இன்னும் புடிக்கிறவங்க இந்த மலையிலயே இருக்காங்க, யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஆறு பேருக்கு 22,800 வெள்ளி கட்டுனேன், பாதி வீட்டுக்காரம்மா நகை.

அப்புறம் ஆரம்பிச்சுது காத்திருப்பு. மார்ச், ஏப்ரல், மே. எப்ப கூப்பிட்டாலும் ஒரே பதில், "சிஸ்டத்துல ஓடுதுண்ணே". அந்த சிஸ்டம் அப்படி என்னதான் ஓடுச்சோ, ஒலிம்பிக்ல விட்டிருந்தா மெடல் வாங்கியிருக்கும். தீபாவளி வந்துச்சு போச்சு. தைப்பூசம் வந்துச்சு போச்சு. நடுவுல நான் ரெண்டு தடவ அவரு ஆபீசுக்கே கீழ இறங்கி போனேன், ஒரு தடவ பூட்டியிருந்துச்சு, இன்னொரு தடவ ஒரு பொண்ணு மைலோ கலக்கி குடுத்து அனுப்பி வச்சிருச்சு. அந்த ஒரு வருஷமும் என் ஃபார்ம் ஓடுனது எப்படின்னு இங்க எழுத முடியாது. 2014 கடைசியில ரிங்லெட் பக்கம் மண்சரிவு வந்ததுக்கு அப்புறம் மலை பூரா பெரிய ஆபரேஷன் போட்டாங்களே, பெர்மிட் இல்லாதவங்க எல்லாம் காட்டுக்குள்ள ஓடுனாங்களே, அப்ப இருந்தவங்களுக்கு நான் என்ன சொல்ல வரேன்னு புரியும்.

2024ல திடீர்னு அறிவிப்பு, காலிங் விசா வச்சிருக்கிறவங்க எல்லாரும் மே 31க்குள்ள நாட்டுக்குள்ள வந்துரணும், அதுக்கு மேல கிடையாது. ஒரு வருஷமா தூங்குன சிஸ்டம் அப்பத்தான் எழுந்திரிச்சுது. டாக்கா ஏர்போர்ட்ல டிக்கெட் கிடைக்காம ஆயிரக்கணக்குல ஆளுங்க, கேஎல்ஐஏ (கோலாலம்பூர் ஏர்போர்ட்) வந்து இறங்குனவங்க தரையில அட்டை விரிச்சி படுத்து கிடந்தாங்க, போட்டோ எல்லாம் பேப்பர்ல வந்துச்சு. மே 29 ராத்திரி ஏஜென்ட் மெசேஜ் பண்றாரு, "அண்ணே உங்க ஆளுங்க நாளைக்கி லேண்டிங், நம்ம பையன் அங்க இருப்பான், எல்லாம் அவன் பாத்துக்குவான்". வேன எடுத்துக்கிட்டு சிம்பாங் பூலாய் வழியா இறங்கி நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்டிப் போனா, பையனும் இல்ல பூனையும் இல்ல. போன் சுவிட்ச் ஆஃப். முதலாளியோ அவன் சார்பா ஒருத்தரோ வந்து கையெழுத்து போட்டு கூட்டிட்டுப் போனாத்தான் விடுவாங்க, எந்த வாசல், எந்த கவுன்டர், எந்த பேப்பர் ஒன்னும் தெரியாம அங்க இருந்த ஒரு சீன தவுக்கே கிட்ட கேட்டு கேட்டு நானே பண்ணுனேன், அவரு பத்து பேருக்காக முந்தின நாள்லேர்ந்து அங்கயே இருக்காரு, கையில பிஸ்கட் டின்னு. பதினோரு மணி நேரம் நின்னேன். காலு வீங்கிப் போச்சு. இந்த பகுதிக்கு 5க்கு முட்டை.

வந்தது நாலு பேர். மீதி ரெண்டு பேர் டிக்கெட் கிடைக்காம அந்தப் பக்கமே நின்னுட்டாங்க. அவங்க மாதிரி பேப்பர் எல்லாம் முடிஞ்சும் ஃப்ளைட் ஏற முடியாம போனவங்க அங்க கிட்டத்தட்ட 17 ஆயிரம் பேர்னு அப்புறம் செய்தியில வந்துச்சு.

இப்ப ஆளுங்கள பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா சர்வீஸ் ரிவ்யூன்னு சொல்லிட்டு பேப்பர் பத்தியே பேசிக்கிட்டிருந்தா எப்படி. விடியக்காலை நாலு மணிக்கு மேல கம்போங் ராஜா வந்து சேந்தோம். வேன் கதவ தொறந்ததும் நாலு பேரும் ஒன்னா உள்ள நகந்து உக்காந்துக்கிட்டானுங்க, குளிர். மலேசியான்னா வெயில்னு சொல்லி அனுப்பியிருக்காங்க, ஏஜென்ட் மலைன்னே சொல்லல. நாலு பேரும் சிலிப்பரு, ஒருத்தன் கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல நெஞ்சோட அணச்சி புடிச்சிருக்கான், வழி பூரா அத கீழ வைக்கல. வீட்டுக்காரம்மா பழைய ஜாக்கெட் எல்லாத்தையும் கொண்டு வந்து குடுத்துச்சு, என் மகனோட ஸ்கூல் ஜாக்கெட்ட ஒருத்தன் போட்டான், பேட்ஜோட. மறுநாளே என் வீட்டுக்காரம்மாவ "கக்கா, கக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டானுங்க, யாரோ மலாய்ல அக்காவுக்கு அப்படின்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, எங்கம்மா மட்டும் இன்னைக்கும் "காக்காவா, யாருடா காக்கா"ன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க.

அந்த ஃபைல் வச்சிருந்தவன் பேரு இங்க வேணாம், நாங்க வச்ச பேரு கோபி. முதல் நாள் கோஸ் வரப்புல கொண்டு போய் நிறுத்துனேன், குனிஞ்சி ஒரு கோஸ தட்டி பாத்து "பாந்தாகோபி!"ன்னு சிரிச்சான், அன்னையிலேர்ந்து கோபி. அவன் ஊர்ல நெல்லு, கடுகு எல்லாம் போட்ட ஆளு. கத்திய குடுத்தா, வெளி இலை ரெண்டு ஒட்டியிருக்குற மாதிரி அடியில சாச்சி ஒரே வெட்டு, நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. லோரியில அடிபடாம இருக்க அந்த ரெண்டு இலை வேணும், நம்ம ஊரு பசங்களுக்கு இத சொல்லி சொல்லி எனக்கு தொண்டை வத்திருக்கு. தக்காளிக்கு கயிறு கட்டுறதுதான் மூணு வாரம் ஆச்சு, அவன் இறுக்கி முடிச்சி போட்டு தண்டு ரெண்டு மூணு முறிஞ்சிது, இப்ப என்னை விட வேகம். மருந்து அடிக்கிறப்ப மட்டும் மாஸ்க் போட மாட்டேங்குறான், மூச்சு முட்டுதாம், அதுக்கு தினம் ஒரு சண்டை.

ஏஜென்ட் ஒப்பந்தத்துல "ஆள் வந்த பிறகு முழு உதவி"ன்னு ஒரு வரி இருக்கு. முழு உதவின்னா என்னன்னு கேளுங்க. முப்பது நாளுக்குள்ள மெடிக்கல் போகணும், நான்தான் கூட்டிட்டுப் போனேன். பெர்மிட் ஒட்டி வர பாஸ்போர்ட்ட அவரு ஆளு வாங்கிட்டுப் போனான், ஏழு வாரம் கழிச்சி குடுத்தான், அதுவரைக்கும் நாலு பேரும் டவுனுக்கு முடி வெட்டக்கூட போகல, ரோட்டுல கேட்டா காட்ட என்ன இருக்கு, ஒரு மங்கலான ஜெராக்ஸ். பெர்கேசோ (தொழிலாளர் காப்பீடு) கணக்கு தொறக்குறது, பேங்க் கணக்கு தொறக்குறது எல்லாம் நான்தான், பேங்க்ல அந்த பிள்ளைங்க பொறுமையா செஞ்சி குடுத்தாங்க. 5க்கு 1.

தங்குற இடம் பத்தியும் அவரு ஒன்னும் சொல்லல, அது பெரிய தல வலி, விவசாயம் பண்றவங்க கண்டிப்பா கேட்டுக்கணும். 446 சட்டம்னு ஒன்னு இருக்கு, 2020 ஜூன்லேர்ந்து எல்லா துறைக்கும், ஆளுக்கு ஒரு கட்டில், நாலு அங்குல மெத்தை, பூட்டுற அலமாரி, இவ்வளவு சதுர மீட்டர் இடம், இதெல்லாம் இருந்து லேபர் ஆபீஸ் சர்டிபிகேட் வாங்கணும். நியாயமான சட்டம், மனுசன் தூங்க வேணாமா. ஆனா நம்ம நெலம் டிஓஎல், வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக லைசன்ஸ், அதுல நிரந்தர கட்டடம் எழுப்ப முடியாது. பலகையும் தகரமும் வச்ச கொங்சியில (ஆளுங்க தங்குற கொட்டகையில) சட்டத்துக்கு ஏத்த ரூம் எப்படி கொண்டு வர்றது. கடைசியில கம்போங் ராஜாவுல கடைவீட்டு மாடி ஒன்ன வாடகைக்கு எடுத்தேன், மாசம் 900. அதனால காலையில வேன்ல ஏத்திக்கிட்டு வரணும், மழையில பத்து நிமிஷம் லேட், ஆனா இப்ப யோசிச்சா நல்லதாதான் போச்சு, சுடு தண்ணி இருக்கு, சாயங்காலம் நாலு மனுசன பாக்குறானுங்க.

இப்ப முக்கியமான விஷயம். இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

வந்து ஒரு நாலு மாசம் இருக்கும், சம்பள நாள். அப்ப அடிப்படை 1,500 (2025லேர்ந்து 1,700), ஓவர்டைமோட கோபிக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. அவன் எண்ணி பாத்துட்டு ஐம்பது வெள்ளிய மட்டும் பாக்கெட்ல வச்சிக்கிட்டு மீதி எல்லாத்தையும் ஊருக்கு அனுப்ப சொன்னான். போன மாசமும் ஐம்பதுதான். என்னடா சாப்பிடுறேன்னு கேட்டேன், அரிசி, பருப்பு, நீங்க குடுக்குற அடிபட்ட கோஸ்னான். வீட்டுல குட்டி பாப்பாவுக்கு அனுப்புறியான்னேன், இல்ல பாஸ் கடன்னான். எவ்வளவுன்னேன். நாலரை லட்சம் டாக்கா (அவங்க ஊரு காசு). எனக்கு முதல்ல புரியல, என் போன்ல கணக்கு போட்டேன், பதினாறாயிரம் வெள்ளிக்கு பக்கம். திரும்ப போட்டேன், அதேதான்.

நான் கட்டுனது தலைக்கு 3,800, அதுலயே டிக்கெட்டும் விசாவும் அடக்கம்னு சொன்னாரே, அப்ப இந்தப் பையன் எதுக்கு கட்டுனான்? அவங்க அரசாங்கம் மலேசியா போறதுக்கு நிர்ணயிச்ச தொகை 78,990 டாக்கா, 2022ல போட்டது, அதே போன் கணக்குல கிட்டத்தட்ட 2,800 வெள்ளி. இவன் குடுத்தது அது மாதிரி அஞ்சு மடங்குக்கு மேல. ஊர்ல ஒரு தரகன், அவனுக்கு மேல ஒரு சப் ஏஜென்ட், அவனுக்கு மேல டாக்காவுல ஒரு ஆபீஸ், அங்கேர்ந்து இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். நெலத்த ஒத்தி வச்சிருக்கான், மாமனார் கிட்ட மாட்ட வித்து வாங்கியிருக்கான். அடிப்படை சம்பளத்துல பாத்தா கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒரு காசு தின்னாம வேல செஞ்சாத்தான் நாலரை லட்சம் அடையும், வட்டி வேற. நான் ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "அண்ணே அது அந்தப் பக்கத்து விஷயம், நமக்கு சம்பந்தம் இல்ல"ன்னாரு. சம்பந்தம் இல்லாமலா அதே நாலு பேரு சரியா என் பேருக்கு வந்தாங்க.

எங்க தாத்தா கங்காணி கூட்டிட்டு வந்துதான் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனவரு. அந்த காலத்த நல்ல காலம்னு சொல்ல வரல, தோட்டத்துல அவங்க பட்டது எங்க வீட்டுல இன்னும் பேச்சு. ஆனா ஒன்னு, 1907ல தமிழ் குடியேற்ற நிதின்னு வெள்ளக்காரன் ஒன்னு போட்டான், தமிழ் ஆளுங்கள வேலைக்கு வச்சிருந்த முதலாளிங்க கிட்ட காசு வசூல் பண்ணி அதுலேர்ந்துதான் கூலிங்களுக்கு கப்பல் டிக்கெட். 1938ல இந்தியா ஆள் அனுப்புறத நிறுத்துற வரைக்கும் அந்த ஏற்பாடு ஓடுச்சு. ஆள் வேணும்னா ஆள் வேணும்ங்கிறவன் காசு போடணும், இது வெள்ளக்காரனுக்கே புரிஞ்சிருக்கு. நேப்பாளம்கூட 2018ல மலேசியாவோட அப்படித்தான் கையெழுத்து போட்டுச்சு, டிக்கெட், விசா, மெடிக்கல் எல்லாம் முதலாளி செலவு. என் கூட வந்த நாலு பேருக்கு நானும் கட்டியிருக்கேன், அவங்களும் கட்டியிருக்காங்க, நடுவுல இருக்கிறவங்க ரெண்டு பக்கமும் வாங்கியிருக்காங்க.

இதுல எனக்கென்ன நஷ்டம்னு கேக்குறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். கடன் இருந்தா ஆள் ஓட மாட்டான்னு சில தவுக்கேங்க நெனைக்கிறாங்க, எங்கிட்டயே ஒருத்தர் காப்பி குடிச்சிக்கிட்டே சொன்னாரு. தப்பு. நாலு பேர்ல ஒருத்தன் பதினோராவது மாசம் ஓடிட்டான். கீழ ஏதோ ரெஸ்டாரன்ட்ல நாளைக்கி நூறு வெள்ளின்னு யாரோ சொல்லியிருக்காங்க, ஊர்ல வட்டிக்காரன் அவங்கம்மாவ நெருக்கியிருக்கான். பெர்மிட்டு என் பேருல, விவசாயத்துக்கு மட்டும், வேற இடத்துல நின்னா அவன் கள்ளக்குடியேறி. அது அவனுக்கும் தெரியும். படுக்கைய மடிச்சி வச்சிட்டு, மகனோட அந்த ஸ்கூல் ஜாக்கெட்ட மேல வச்சிட்டு போயிட்டான். நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும், பண்ணேன், கட்டுன லெவியும் போச்சு, தக்காளி சீசன் நடுவுல ஒரு ஆள் கம்மி. அவன் மேல கோவம் இருந்துச்சு, ரெண்டு நாள்.

வராத ரெண்டு பேருக்கு கட்டுன 7,600 வெள்ளி கேட்டேன். எட்டு மாசம் கேட்டேன். தலைக்கு அறுநூறு வீதம் ஆயிரத்து இருநூறு திரும்பி வந்துச்சு, மீதி "ப்ராசஸிங்"ல போயிருச்சாம். ஒப்பந்தத்த எடுத்து பாத்தா நிஜமாவே பின்பக்கம் பொடி எழுத்துல, ஆள் வராவிட்டால் ஏஜென்சி முடிவே இறுதியானதுன்னு போட்டிருக்கு, கையெழுத்து என்னோடது. அதனால நீங்க யாரு கிட்ட போனாலும் முதல்ல சி லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க, வெளிநாட்டு ஆள் எடுக்க அதுதான் வேணும், லேபர் டிபார்ட்மென்ட் லிஸ்ட்ல பேரு இருக்கும். ரசீது தலைக்கு தலை தனித்தனியா கேளுங்க, மொத்தமா "சர்வீஸ்"னு ஒரே வரியில குடுத்தா வாங்காதீங்க. ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல நேரா பேசி எவ்வளவு குடுத்தேன்னு கேளுங்க, ஏஜென்ட் பக்கத்துல இல்லாதப்ப. நான் கேக்கல, கேக்கணும்னே தோணல, அது என் தப்பு.

மொத்தத்துல எத்தன ஸ்டார்னு கேட்டா, கோபி மாதிரி ஆளு கெடச்சதுக்கு அஞ்சும் குடுக்கலாம், ஆனா கோபிய அந்த ஏஜென்ட் செஞ்சி குடுக்கலயே. சர்வீஸுக்கு 5க்கு ஒன்றரை, அதுவும் அந்த கோட்டா வேலைக்காக.

2025 அக்டோபர்லேர்ந்து இபிஎப் (சேமநிதி) வேற வந்துருச்சு, அவன் பக்கம் 2, நம்ம பக்கம் 2 சதவீதம். கோபி பேஸ்லிப்ப பாத்துட்டு இது எங்க போகுதுன்னு கேட்டான், ஊருக்கு போறப்ப எடுத்துக்கலாம்னு சொன்னேன், அத நம்பவே இல்ல, இன்னொரு ஏஜென்ட் பீஸ்னு நெனச்சிட்டான் போல. ஆப்ப தொறந்து பேரு காட்டுனதுக்கு அப்புறம்தான் சரின்னான். கடன்ல இன்னும் எம்பதாயிரம் டாக்கா பாக்கி, அடுத்த வருஷம் ரெண்டு மாசம் ஊருக்கு போயிட்டு வரணும்னு கேட்டிருக்கான். ஃப்ளைட் ஏற முடியாம நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தன் அவன் மச்சான்தான், அது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும். அவனும் பணம் கட்டுனவன்தான். அந்த 17 ஆயிரம் பேர திரும்ப எடுப்போம்னு 2024 அக்டோபர்ல பிரதமர் டாக்கா போனப்ப பேச்சு வந்துச்சு இல்லயா, அன்னையிலேர்ந்து எனக்கு வாட்சாப்ல வாய்ஸ் அனுப்புறான், பாதி மலாய் பாதி பங்ளா, "பாஸ், விசா அடா?" (விசா இருக்கா)ன்னு. நான் பெலும், பெலும்னு (இன்னும் இல்லன்னு) பதில் போடுறேன்.

போன வாரம் ஏஜென்ட் திரும்ப கூப்பிட்டாரு, அண்ணே கோட்டா தொறக்கப் போறாங்க, இப்பவே டெபாசிட் போட்டு வச்சிக்கங்கன்னு. பழைய பாக்கி என்னாச்சுன்னேன், லைன் கட்டாயிருச்சு. எனக்கு இன்னும் மூணு ஆள் வேணும், தை மாசத்துக்குள்ள வேணும், அது உண்மை. ஆளுங்க கிட்ட அந்தப் பக்கம் காசு வாங்காம கொண்டு வர்ற ஏஜென்ட் யாராவது உங்களுக்கு நெசமா தெரிஞ்சா, அவங்க மூலமா வந்த ஆளு கிட்டயே கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டு எனக்கு சொல்லுங்க, தலைக்கு ஆறாயிரம் ஆனாலும் பரவால்ல, அந்த மச்சானயும் சேத்து எடுக்கணும்.